பழைய ஃபிரேமில் புது லென்ஸா, முழுசாகப் புதுக் கண்ணாடியா?

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு தப்பு செய்தேன். 9 வருஷமாகப் போட்டிருந்த ஷெல் (பிளாஸ்டிக்) ஃபிரேமை விட மனசில்லாமல், அதிலேயே 6,500 ரூபாய்க்கு, தூரமும் கிட்டமும் ஒரே லென்ஸில் தெரியும் புரோகிரசிவ் லென்ஸ் போட்டுக்கொண்டேன். நாலாவது மாதம், துடைத்துக்கொண்டிருக்கும்போதே மூக்கில் உட்காரும் இடத்தில் ஃபிரேம் இரண்டாக உடைந்தது. லென்ஸில் ஒரு கீறல்கூட இல்லை. அதே ஃபிரேம் எங்கேயும் கிடைக்கவில்லை. அந்த லென்ஸை வேறு ஒன்றில் மாட்டித் தரச் சொல்லி திருநெல்வேலி ஜங்ஷனிலும் பாளையங்கோட்டையிலும் நாலு கடை ஏறி இறங்கினேன். கடைசிக் கடையில்தான் ஒருவர் உட்கார வைத்துச் சொன்னார்: "அண்ணாச்சி, லென்ஸ வெட்டியாச்சுன்னா அது அந்த ஃபிரேமுக்குத்தான். இதவிடச் சின்ன ஃபிரேம்னா இன்னும் கொஞ்சம் அரைச்சுப் போட்டுத் தரலாம். ஆனா புரோகிரசிவ்ல கண்ணுக்கு நேரா வரவேண்டிய எடம் வெலகிரும். துட்ட வாங்கிட்டு அப்படிச் செஞ்சு தர எனக்கு மனசு வரல."

வெட்டிய லென்ஸின் ஆயுள், அது உட்கார்ந்திருக்கும் ஃபிரேமோடு முடிந்துவிடும். லென்ஸ் மாற்றப் போகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "ஃபிரேம் நல்லாத்தானே இருக்கு?" என்பது இல்லை. "நான் இப்போது போடப்போகும் லென்ஸ் தேயும் வரைக்கும் இந்த ஃபிரேம் தாங்குமா?" என்பதுதான். இந்த வருஷம் எங்கள் குடும்பத்திலேயே நாலு பேருக்குக் கண்ணாடி விஷயமாக முடிவெடுக்க வேண்டி வந்தது. முக்கூடலில் பீடி சுற்றும் சித்தி, வள்ளியூரில் பைக்கிலேயே வேலை பார்க்கும் அக்கா மகன், எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள், கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் 74 வயதுப் பெரியப்பா. நாலு பேருக்கும் ஒரே பதில் வரவில்லை.

## விலை கேட்பதற்கு முன்னால்

ஐந்து விஷயங்களை வரிசையாகப் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பவர் ஒரு இடத்தில் நிற்கிறதா? ஃபிரேமுக்கு இன்னும் எவ்வளவு ஆயுள் இருக்கிறது? போடப்போகும் லென்ஸுக்கு அந்த ஃபிரேமின் அளவும் வடிவமும் சரிப்படுமா? கண்ணாடி இல்லாமல் எத்தனை நாள் ஓட்ட முடியும்? கடைசியாக, இன்றைக்குக் கொடுக்கும் பணத்தை அது உழைக்கும் வருஷங்களால் வகுத்தால் எவ்வளவு வருகிறது?

முதல் கேள்வியை எல்லாரும் தாண்டிப் போய்விடுகிறோம். பவர் மாறியிருக்கிறது என்று கடை மெஷின் சொல்லும். ஏன் மாறியது என்று அது சொல்லாது. சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் பவரும் கூடவே ஏறி இறங்கும். புதிதாக மாத்திரையோ இன்சுலினோ ஆரம்பித்தவர்களுக்குச் சில வாரங்கள் பார்வை தடுமாறும், பிறகு தானாக நிலைக்கு வரும். அந்தச் சமயத்தில் எடுத்த பவருக்குக் கண்ணாடி போட்டால், அடுத்த மாதமே அது ஒத்துவராமல் போகும். சர்க்கரை கட்டுக்குள் வந்து சில வாரம் நின்ற பிறகு சோதித்துக்கொள்வதுதான் நல்லது.

வயதானவர்களுக்குக் கண்புரை. புரை முற்றிவரும்போது பலருக்குக் கிட்டப்பார்வை கூடிக்கொண்டே போகும். வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமலே சிலருக்குப் படிக்க வரும். எங்கள் பெரியப்பாவும் போன வருஷம் ரொம்பச் சந்தோஷமாகச் சொன்னார்: "இப்பம்லாம் கண்ணாடி இல்லாமலே பேப்பர் வாசிக்கேன் பாத்துக்கோ!" பார்வை இளமைக்குத் திரும்பிவிட்டது என்று நாங்களும் நம்பினோம். ஆறு மாதத்தில் தூரப் பவர் இரண்டு தடவை மாறியபோதுதான் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். இரண்டு கண்ணிலும் புரை இருந்தது.

கண்ணைக் காட்டுவதற்கு நம் பக்கத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எட்டயபுரம் பக்கம் அயன் வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976ல் மதுரையில் 11 படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை 1988ல் திருநெல்வேலிக்கும் வந்துவிட்டது. 40 தாண்டியவர்கள் பவரோடு கண் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை விழித்திரையைக் காட்டுங்கள். இதைக் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். கண்ணாடி தப்பாகப் போனால் பணம்தான் போகும், அழுத்தத்தைக் கவனிக்காமல் விட்டால் போகும் பார்வை திரும்பி வராது.

## ஃபிரேமைக் கையில் எடுத்துப் பாருங்கள்

நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி, ஐந்து நிமிஷம் பாருங்கள். வேறு கண்ணாடி இல்லாதவர்கள் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

ஷெல் ஃபிரேம் என்றால், காதுக்குப் பின்னால் வளையும் இடத்திலும் மூக்கில் படும் இடத்திலும் வெளுத்துப் போயிருக்கிறதா என்று பாருங்கள். வேர்வையும் வெயிலும் பட்டு ஷெல் உலர்ந்துபோனதன் அடையாளம் அது. ஷெல் ஃபிரேமைச் சூடாக்கி, இளக்கி, அதில்தான் லென்ஸை உள்ளே தள்ளுவார்கள். உலர்ந்த ஷெல் அந்தச் சூட்டிலேயே விரிசல் விடும். அன்றைக்குத் தப்பித்தாலும் என்னுடையது மாதிரி நாலு மாதத்தில் போய்விடும்.

மெட்டல் ஃபிரேம் என்றால் நோஸ் பேடைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு பூத்திருக்கிறதா பாருங்கள். நம் ஊர் வேர்வைக்குக் கொஞ்சம் களிம்பு பூக்கத்தான் செய்யும், அதைச் சுத்தம் செய்து பேடை மாற்றிவிடலாம். ஆனால் பேடைப் பிடித்திருக்கும் கம்பி, ஃபிரேமோடு பற்றவைத்த இடத்தில் அரித்திருந்தால் அந்த ஃபிரேமை நம்பாதீர்கள். அடுத்தது லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தை இறுக்கும் சின்னத் திருகு. லென்ஸ் மாற்ற அதைத்தான் கழற்ற வேண்டும். துருப்பிடித்து இறுகிப்போன திருகு கழற்றும்போது தலை முறிந்துவிடும். கடைக்காரர் அதைத் துளைத்து எடுக்கப் பார்ப்பார், வளையம் தாங்கினால் அதிர்ஷ்டம்.

சுப்ரா ஃபிரேமில் லென்ஸைக் கீழே தாங்கும் நைலான் நூல்தான் முதலில் தேயும். நூல் மாற்றுவது சின்ன வேலை. ரிம்லெஸ் கண்ணாடிக்கு வேறொரு குணம் உண்டு. அதில் லென்ஸைச் சுற்றி வளையமே இல்லை என்பதால், அதே கம்பிகளை வைத்துக்கொண்டு லென்ஸின் வடிவத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கம்பி உறுதியாக இருந்தால் லென்ஸ் மாற்றும்போதே புதுக் கண்ணாடி போட்ட தோற்றம் வந்துவிடும். லென்ஸில் துளை போட வேண்டியிருப்பதால் கூலி கூடும். சாதாரண சிஆர் 39 பிளாஸ்டிக் அந்தத் துளையில் விரிசல் விடக்கூடியது, பாலிகார்பனேட் தாங்கும்.

எல்லா வகைக்கும் பொதுவாக ஒரு சோதனை: ஃபிரேமின் இரண்டு கைகளையும் விரித்து மேஜைமேல் வையுங்கள். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால் கோணியிருக்கிறது. பெரும்பாலும் நிமிர்த்திவிடலாம். ஆனால் கீல் கடகடவென்று ஆடி, திருகை இறுக்கிய மறுவாரமே திரும்பவும் ஆடினால், அது முடியப்போகிற ஃபிரேம்.

லென்ஸின் மேல் பூச்சையும் பாருங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் சிலந்தி வலை மாதிரி நுணுக்கமான வெடிப்புகள் தெரிகின்றனவா? சித்திரை வெயிலில் கார் டேஷ்போர்டில் வைத்ததால் வருவது அது. சூடுபட்ட பூச்சைத் திரும்பச் சரிசெய்ய முடியாது. அந்தச் சூட்டை ஃபிரேமும்தான் வாங்கியிருக்கும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வெறும் கீறல் என்றால் ஃபிரேம்மேல் பழியில்லை, லென்ஸை மட்டும் மாற்றினால் போதும். பற்பசை போட்டுத் தேய்த்துக் கீறலைப் போக்கலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள், மிச்சமிருக்கும் பூச்சும் போய்விடும்.

## வழி 1: பழைய ஃபிரேமில் புது லென்ஸ்

சித்திக்கு இதுதான் சரியாக வந்தது. 51 வயது. மடியில் தட்டை வைத்துக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை பீடி சுற்றுகிறவர். மெட்டல் ஃபிரேம் வாங்கி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. வளையம், திருகு, கீல் எல்லாம் நன்றாக இருந்தன. புகையிலைத் தூள் படிந்த கண்ணாடியை முந்தானையால் தேய்த்துத் தேய்த்து லென்ஸ் மட்டும் மங்கிப்போயிருந்தது. பவரும் 0.5 கூடியிருந்தது.

ஃபிரேம் மாறாததால் மூக்குக்கும் காதுக்கும் பழகிய இருப்பு மாறாது. லென்ஸ் கண்ணிலிருந்து இருக்கும் தூரமும் சாய்வும் அப்படியே இருக்கும், அதனால் புதுப் பவருக்குச் சீக்கிரம் பழகிவிடலாம். புரோகிரசிவ் போடுகிறவர்களுக்கு இது பெரிய வசதி. நல்ல ஃபிரேமுக்கு ஒரு தடவை பணம் போட்டவர்கள் அதை இரண்டு தடவை லென்ஸ் மாற்றியாவது ஓட்ட வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று.

ஒன்று, கண்ணாடி இல்லாத நாட்கள். சித்திக்குக் கண்ணாடி இல்லாத நாள் கூலி இல்லாத நாள். வெறும் கிட்டப்பார்வை, தூரப்பார்வை, வெள்ளெழுத்துப் பவர் என்றால் பெரும்பாலும் கடையிலேயே லென்ஸ் இருப்பு இருக்கும், அன்றைக்கே வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். புரோகிரசிவ், அதிகப் பவர், சிலிண்டர் (ஒரு திசையில் மட்டும் வேறுபடும் பவர்) கூடிய பவர் என்றால் வெளியே ஆர்டர் போட்டு வரவழைக்க வேண்டும். சில நாளிலிருந்து ஒரு வாரம் வரை ஆகும். அதுவரை ஃபிரேமைக் கடையிலேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்று அவசியமில்லை. அளவு எடுத்ததும் கண்ணாடியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். "லென்ஸ் வந்ததும் போன் போடுங்க, அன்னைக்குக் கொண்டாறேன்" என்று சொன்னால் பெரும்பாலான கடைகளில் ஒத்துக்கொள்வார்கள். பிறகு அரை நாளோடு முடிந்துவிடும்.

இரண்டு, ஃபிரேம் உடைந்தால் யார் பொறுப்பு. பழைய ஃபிரேமுக்குக் கடை பொறுப்பேற்காது என்பது பொதுவான வழக்கம். பில்லில் சின்ன எழுத்தில் அப்படி அச்சடித்தே வைத்திருப்பார்கள். அதில் தப்பில்லை, அவர்கள் விற்காத ஃபிரேமின் வயது அவர்களுக்குத் தெரியாது. ஆனால் லென்ஸை வெட்டிய பிறகு மாட்டும்போது ஃபிரேம் உடைந்தால், லென்ஸ் விலையை யார் தாங்குவது என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. என் ஃபிரேம் வெளுத்துப் போயிருந்ததைப் பார்த்தும் கடையில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

மூன்றாவது, நடுவில் ஃபிரேம் போய்விட்டால் வரும் நஷ்டம். கணக்குக்காக எண்களை வைத்துப் பார்ப்போம். லென்ஸ் 2,400 ரூபாய், புது ஃபிரேம் 1,500 ரூபாய், லென்ஸ் இரண்டு வருஷம் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஃபிரேமும் இரண்டு வருஷம் தாங்கினால் வருஷத்துக்கு 1,200 ரூபாய்தான். எட்டாவது மாதத்தில் ஃபிரேம் போனால் 2,400 போய், மேற்கொண்டு 3,900 கொடுத்து முழுசாக வாங்க வேண்டும். மொத்தம் 6,300. முதலிலேயே புதுசு வாங்கியிருந்தால் 3,900தான். 1,500 மிச்சம் பிடிக்கப் போய் 2,400 விட்ட கதை. லென்ஸ் விலை ஏற ஏற இந்த நஷ்டமும் ஏறும். அதனால் மலிவான லென்ஸ் என்றால் பழைய ஃபிரேமை நம்பிப் பார்க்கலாம், விலை கூடிய புரோகிரசிவை வயதான ஃபிரேமில் வைக்கவே கூடாது.

## வழி 2: லென்ஸ், ஃபிரேம் இரண்டும் புதுசு

அக்கா மகனுக்கு மைனஸ் 6. அவன் ஃபிரேம் உடையவில்லை, கோணவில்லை. அதனால் லென்ஸை மட்டும் மெலிசாக மாற்றிவிடலாம் என்று 1.67 லென்ஸுக்கு (லென்ஸ் ஒளியை வளைக்கும் அளவு அந்த எண்; அது கூடினால் லென்ஸ் மெலியும்) விலை கேட்டுக்கொண்டு வந்திருந்தான். சாதாரணப் பிளாஸ்டிக்கைவிட அது பல மடங்கு. ஃபிரேமை வாங்கிப் பார்த்தேன். கையின் உள்பக்கம் 52, 18 என்று எழுதியிருந்தது. முதல் எண் ஒரு லென்ஸின் அகலம், அடுத்தது இரண்டு லென்ஸுக்கும் நடுவிலுள்ள இடைவெளி, மில்லிமீட்டரில். இரண்டையும் கூட்டினால் 70. அவன் இரண்டு கண்மணிகளுக்கும் இடையே உள்ள தூரம் 62. கண்மணிக்கு நேரே லென்ஸின் மையம் வர வேண்டுமானால், மையத்திலிருந்து வெளி ஓரம் வரை 30 மில்லிமீட்டர் இருக்கும்.

மைனஸ் லென்ஸ் நடுவில் மெலிசு, ஓரத்தில் கனம். மையத்திலிருந்து ஓரம் தள்ளிப் போகப் போக, தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அந்தக் கனம் கூடும். மைனஸ் 6 பவருக்கு, 30 மில்லிமீட்டர் தள்ளிய ஓரத்தில், சாதாரண 1.50 லென்ஸ் நடுவைவிட ஏறக்குறைய 5.4 மில்லிமீட்டர் கனமாக இருக்கும். 1.67 போட்டால் அது 4 மில்லிமீட்டராகக் குறையும். சரி, லென்ஸை விட்டுவிட்டு ஃபிரேமை மாற்றிப் பார்ப்போம். 48, 16 அளவுள்ள சின்ன ஃபிரேமில் மையத்திலிருந்து ஓரம் 25 மில்லிமீட்டர்தான். அதில் சாதாரண லென்ஸே 3.75 மில்லிமீட்டர் கனத்தில் நின்றுவிடும். விலை உயர்ந்த லென்ஸ் பெரிய ஃபிரேமில் செய்வதைவிட அதிகமாகவே, சின்ன ஃபிரேம் சாதாரண லென்ஸில் செய்துவிடுகிறது. அவனுக்குச் சின்ன ஃபிரேமில் 1.60 போட்டோம். ஆனி, ஆடிக் காற்றில் வள்ளியூர், பணகுடிப் பக்கம் பைக் ஓட்டுகிறவன் என்பதால் முழு வளையம் உள்ள ஃபிரேம்தான் எடுக்கச் சொன்னேன். மண் அள்ளி வீசும் காற்றுக்கு ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும், அதில் மாற்றமில்லை.

முதல் தடவையாகப் புரோகிரசிவுக்கு மாறுகிறவர்களுக்கும் புதுசு வேண்டியிருக்கலாம். அந்த லென்ஸில் மேலே தூரம், கீழே கிட்டம், நடுவில் ஒரு குறுகலான வழி. கண்மணி மையத்திலிருந்து லென்ஸின் கீழ் விளிம்பு வரை பொதுவாக 18 மில்லிமீட்டர் உயரம் தேவைப்படும். குறுகலான ஃபிரேமுக்கென்றே 14 மில்லிமீட்டரில் பொருந்தும் வகைகளும் உண்டு, ஆனால் அவற்றில் நடு வழி இன்னும் சுருங்கிவிடும். ஒரு காலத்தில் எல்லாரும் போட்ட ஒடுக்கமான செவ்வக ஃபிரேமில் புரோகிரசிவ் போட்டால், படிக்கும் பகுதி பாதி வெட்டுப்பட்டுப் போகும். பிறகு புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு மோவாயைத் தூக்கித் தூக்கிப் பார்க்க வேண்டியதுதான்.

மகளுக்கு யோசிக்கவே தேவையிருக்கவில்லை. ஒரு வருஷத்தில் முகமும் வளர்ந்துவிட்டது, பவரும் கூடிவிட்டது. ஃபிரேம் கன்னப்பொட்டை அழுத்திக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு ஃபிரேமில் பணத்தைக் கொட்டாமல், லென்ஸை மட்டும் எளிதில் உடையாத பாலிகார்பனேட்டில் போடுங்கள். அரசுப் பள்ளிகளில் கண்ணைச் சோதித்து இலவசமாகவே கண்ணாடி கொடுக்கிறார்கள், அதை வாங்கிக்கொள்ளத் தயங்க வேண்டாம்.

புதுசு வாங்குவதில் கணக்கில் வராத லாபம் ஒன்று உண்டு. பழைய கண்ணாடி அப்படியே கைகாவலுக்கு நின்றுவிடும். குற்றால சீசனில் அருவியில் கண்ணாடியைப் பறிகொடுத்துவிட்டு, தென்காசியிலிருந்து வீடு வரை ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். 0.5 குறைவான பவர்கூட அன்றைக்குப் பெரிய உதவி. பழைய ஃபிரேமில் லென்ஸ் மாற்றுகிறவர்களுக்கு இந்தக் கைகாவல் கிடைக்காது. கழற்றிய லென்ஸைக் கேட்டு வாங்கினாலும் மாட்ட ஃபிரேம் இருக்காது.

செலவுப் பக்கம் பார்த்தால், ஃபிரேமை மலிவாகக் காட்டி லென்ஸில் ஏற்றுவது அடிக்கடி நடக்கிறது. "ஃபிரேம் ஃப்ரீ" என்ற போர்டைப் பார்த்தால், நம் பவருக்கு லென்ஸ் விலை என்ன, ஃபிரேம் விலை என்ன என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பவர் லென்ஸுக்கும் ஃபிரேமுக்கும் ஜிஎஸ்டி 12லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. இரண்டுக்கும் ஒரே வரி என்பதால் வரியை வைத்து முடிவு மாறாது, பில்லில் 5தான் போட்டிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

நீல ஒளியைத் தடுக்கும் என்று விற்கும் புளூ கட் பூச்சுக்குத் தனியாகப் பணம் கேட்டால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2023ஆம் ஆண்டு காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) தொகுப்பு, கம்ப்யூட்டர் பார்ப்பதால் வரும் கண் களைப்பு அந்த லென்ஸால் குறைவதாகக் காணவில்லை. அந்தப் பணத்தை ஏஆர் (வெளிச்சம் பிரதிபலிக்காமல் தடுக்கும்) பூச்சுக்குக் கொடுங்கள், இரவில் எதிர்வண்டி வெளிச்சம் லென்ஸில் பட்டுத் தெறிப்பது குறையும்.

புரோகிரசிவ் வாங்கினால் கடையிலேயே ஒன்றைப் பாருங்கள். லென்ஸில் லேசாக வாயால் ஊதி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், 34 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு மங்கலான குறிகள் தெரியும். காதுப் பக்கத்துக் குறிக்குக் கீழே, கிட்டத்துக்காகக் கூட்டிய பவரின் எண்ணும், மூக்குப் பக்கத்தில் கம்பெனியின் அடையாளமும் பொறித்திருக்கும். நீங்கள் பணம் கொடுத்த லென்ஸ்தான் உள்ளே இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

## வழி 3: ரிப்பேர் மட்டும் செய்துகொண்டு பொறுத்திருப்பது

கடையில் இந்த வழியை யாரும் எடுத்துச் சொல்ல மாட்டார்கள். பவர் 0.25தான் மாறியிருக்கிறது, தலைவலியோ மங்கலோ இல்லை என்றால் அவசரமே இல்லை. நோஸ் பேட், திருகு, சுப்ரா நூல், கையை நிமிர்த்துவது, சோப்புத் தண்ணீரில் கழுவுவது, இவ்வளவிலேயே கண்ணாடி புதுசு போல ஆவதை நான் பார்த்திருக்கிறேன். நழுவி மூக்கில் இறங்கிய கண்ணாடி வழியாகப் பார்ப்பதே பாதி மங்கலுக்குக் காரணமாக இருக்கும்.

புரை ஆபரேஷன் செய்யப் போகிறவர், சர்க்கரை இன்னும் கட்டுக்குள் வராதவர், குழந்தை உண்டாகியிருப்பவர் இந்த மூன்று பேரும் முடிந்தவரை பொறுத்திருப்பது நல்லது. இந்த வழியில் மறைந்திருக்கும் செலவு காசில் இல்லை. இரவில் வண்டி ஓட்டுகிறவரோ, படி ஏறி இறங்கத் தடுமாறும் வயதானவரோ மங்கலான கண்ணாடியோடு காத்திருக்கக் கூடாது. அவர்களுக்குத் தற்காலிகமாக மலிவான லென்ஸாவது போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

| | பழைய ஃபிரேம், புது லென்ஸ் | இரண்டும் புதுசு | ரிப்பேர், காத்திருப்பு |
|---|---|---|---|
| பவர் | நிலையாக இருக்க வேண்டும் | நிலையாக இருக்க வேண்டும். வளரும் பிள்ளைகளுக்கு விதிவிலக்கு | மாறிக்கொண்டே இருந்தால் இதுதான் |
| ஃபிரேம் | உறுதி, அளவு சரி | வெளுத்தது, அரித்தது, பவருக்குப் பெரியது, புரோகிரசிவுக்கு ஒடுக்கம் | கீல், திருகு அளவில் சின்னக் குறை |
| கண்ணாடி இல்லாத நேரம் | அரை நாள்; சொல்லி வைக்காவிட்டால் ஒரு வாரம் வரை | இல்லை | சில நிமிஷம் |
| பழகும் காலம் | குறைவு | சில நாள். புரோகிரசிவ் என்றால் இரண்டு வாரம் வரை | இல்லை |
| ஒளிந்திருக்கும் செலவு | ஃபிரேம் உடைந்தால் லென்ஸும் வீண் | தேவையில்லாத பூச்சு, ஏற்றிய லென்ஸ் விலை | மங்கலான பார்வையில் விழும் ஆபத்து |
| கைகாவல் | கிடைக்காது | பழையது நிற்கும் | பொருந்தாது |

## ஆன்லைனிலும் கோயில் கடையிலும்

ஆன்லைனில் ஃபிரேமோடு சேர்த்து வாங்குவது, குறைந்த பவரும் ஒற்றைப் பார்வை லென்ஸும் உள்ளவர்களுக்கு ஒத்துவரும். கண்மணித் தூரத்தை மட்டும் கண் மருத்துவமனையில் அளந்து சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புரோகிரசிவுக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், முகத்தில் ஃபிரேமை மாட்டி உயரம் குறிக்காமல் அது சரியாக வராது. பழைய ஃபிரேமைக் கூரியரில் அனுப்பி லென்ஸ் மாற்றுவது, போக வர ஆகும் நாட்களுக்கு வேறு கண்ணாடி கையில் உள்ளவர்களுக்கு மட்டும்.

தேர்த் திருவிழாக் கடைகளில் தொங்கும் ரெடிமேடு வெள்ளெழுத்துக் கண்ணாடியைச் சிலர் ஏளனமாகப் பார்க்கிறார்கள். இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர், சிலிண்டர் இல்லை என்றால் கைகாவலுக்கு அது தாராளமாகப் போதும். இரண்டு கண்ணிலும் பவர் வேறுவேறாக இருப்பவர்களுக்கு அது ஆகாது.

சித்தியின் லென்ஸுக்கு அன்று மத்தியானமே வேலை முடிந்தது. நல்ல தண்ணீரில் கழுவி, பருத்தித் துணியில் ஒற்றி எடுக்க வேண்டும், முந்தானையைத் தொடவே கூடாது என்று கடைக்காரரே இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். பெரியப்பாவுக்கு முதல் கண் ஆபரேஷன் தை பிறந்ததும் என்று குறித்திருக்கிறார்கள். அது ஆறி, பவர் நிலைத்து, கண்ணாடிச் சீட்டு கைக்கு வர அதற்குப் பிறகு ஒரு மாதம் ஒன்றரை மாதம் ஆகும். அதுவரை அவருடைய பழைய மெட்டல் ஃபிரேமுக்கு இரண்டு நோஸ் பேடும் ஒரு திருகும் மாற்றியிருக்கிறோம். 60 ரூபாய் ஆனது.